வடகோடி விமான நிலையங்கள் இரண்டின் இடைத்தூரம்

பூகோள வகுப்பிலே ஒருநாள் நாம் மாணாக்கருக்கு ஒரு சிறு கணக்குக் கொடுத்தோம். அலாஸ்கா நாட்டின் வடமுனையில் பாரோ என்றோர் ஊர் உளது. நார்வே தேசத்தாரின் ஆட்சிக்குட்பட்ட ஸ்வால்பார்ட் தீவுகளில் லாங்யர்பியென் என்றோர் ஊர் உளது. இவ்விரண்டு ஊர்களிலும் விமான நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேர்வழியாகப் பறந்தால் தூரம் எவ்வளவு, காலம் எவ்வளவு என்பதே கேள்வி. சுவரிலே உலகப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. மேசைமேல் பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள பூகோள உருண்டையும் இருந்தது. எதனை வேண்டுமாயினும் பயன்படுத்தலாம் என்று விடுத்தோம்.

மாணாக்கருள் மிகப்பலர் சுவர்ப்படத்தை நாடிச் சென்றனர். அதற்குக் காரணம் உண்டு. படத்தில் பாரோ இடப்பக்க ஓரத்திலும், ஸ்வால்பார்ட் நடுவிற்குச் சற்று வலப்பக்கத்திலும் தெளிவாகத் தெரிகின்றன. அளவுகோலை வைத்து அளந்து, படத்தின் அடியிலிருந்த அளவீட்டைக் கொண்டு பெருக்கினார்கள். வந்த விடை 19,000 கிலோமீட்டருக்கு மேல். அஃதாவது, பூமியின் சுற்றளவில் ஏறக்குறையப் பாதி. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் விமானம் அத்தூரத்தைக் கடக்க இருபத்துமூன்று மணி நேரம் வேண்டும் என்றும் கணக்கிட்டு எழுதிவிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் உருண்டையை எடுத்து, ஒரு நூலை இரண்டு ஊர்களுக்குமிடையே இறுக்கிப் பிடித்து, மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல் என்று அளந்து, 3,400 கிலோமீட்டர் இருக்கலாம் என்று எழுதினார். எழுதியபின் மற்றவர்களுடைய விடையைக் கண்டு அஞ்சி, தம் விடையை அடித்தும் விட்டார். அடித்த விடையே சரியான விடை.

இவ்வளவு பெரிய வேறுபாடு ஏன் வந்தது என்பதை விளக்குவதற்கே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். வகுப்பில் மணி அடித்துவிட்டமையால் அன்று சொல்லி முடிக்க இயலவில்லை.

முதலில் அவ்விரண்டு இடங்களையும் அறிமுகம் செய்துகொள்வோம். பாரோ என்னும் ஊர் ஆர்க்டிக் கடற்கரையில் இனுபியாட் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடம். 2016ஆம் ஆண்டில் அவ்வூரார் வாக்களித்துத் தங்கள் பழைய பெயராகிய உட்கியாக்விக் என்பதையே மீண்டும் சூட்டிக்கொண்டனர். நாம் சுருக்கங்கருதிப் பாரோ என்றே வழங்குவோம். ஏறக்குறைய 5,000 மக்கள் வாழும் அவ்வூருக்கு வெளியிலிருந்து செல்லும் சாலை கிடையாது. கோடையில் சில வாரங்கள் கடல் திறந்திருக்கும்போது சரக்குப் படகுகள் வரும். மற்றக் காலமெல்லாம் விமானமே கதி. நவம்பர் நடுவில் மறையும் சூரியன் ஜனவரி இருபதாந் தேதிக்குப் பின்னரே மறுபடியும் தலைகாட்டும். விமான நிலையத்துக்கு வைலி போஸ்ட், வில் ராஜர்ஸ் என்னும் இருவரின் பெயரை இட்டிருக்கிறார்கள். போஸ்ட் என்பவர் பெயர்பெற்ற விமானி. ராஜர்ஸ் என்பவர் அமெரிக்க மக்களைச் சிரிக்க வைத்த நடிகர். இருவரும் 1935ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆந் தேதி அவ்வூருக்கு அணித்தாக விமானம் விழுந்து மாண்டனர்.

லாங்யர்பியென் பாரோவைக் காட்டிலும் இன்னும் வடக்கே, 78 பாகைக்கு மேலே இருப்பது. லாங்யர் என்னும் அமெரிக்கர் 1906இல் நிலக்கரி வெட்டத் தொடங்கியமையால் ஊருக்கு அப்பெயர் வாய்த்தது. ஏறத்தாழ 2,500 பேர் வாழ்கின்றனர். அங்குள்ள விமான நிலையம் 1975ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பொதுமக்கள் பயணச்சீட்டு வாங்கிக் காலந்தவறாமல் சென்றுவரும் விமான நிலையங்களுள் உலகிலேயே வடகோடியில் உள்ளது அதுதான். ஓடுபாதை ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலத்தின்மேல் போடப்பட்டது. கோடையில் மேற்புறம் இளகும்போது பாதை நெளியும். அதனைச் செப்பனிடுவதே அங்குள்ள பொறியாளர்க்கு ஓயாத வேலை. அக்டோபர் முடிவிலிருந்து பிப்ரவரி நடு வரையில் சூரியன் அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழுவது மார்ச்சு மாதத்திலேதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். சுவரில் தொங்கும் படம் 1569ஆம் ஆண்டில் மெர்க்கேட்டர் என்னும் பெரியார் வகுத்த முறையில் எழுதப்பட்டது. அது மாலுமிகளுக்கென்று செய்யப்பட்ட படம். ஒரே திசையில் காந்த ஊசியைப் பார்த்துக்கொண்டே கப்பலைச் செலுத்துகிறவனுக்கு அவன் வழி படத்தில் நேர்க்கோடாகத் தோன்றவேண்டும் என்பது அவர் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறிற்று; ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. உருண்டையிலே தீர்க்கரேகைகள் வடக்கே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கித் துருவத்தில் ஒரு புள்ளியாகச் சேர்கின்றன. படத்திலோ அவை கடைசிவரையில் ஒன்றையொன்று நெருங்காமல் இணையாகவே நிற்கின்றன. ஆகவே வடக்கே உள்ள இடமெல்லாம் பக்கவாட்டில் இழுத்து நீட்டப்படுகிறது. நிலநடுக் கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கரேகைக்கு 111 கிலோமீட்டர் அகலம். பாரோ இருக்கும் அட்சரேகையில் அதுவே 36 கிலோமீட்டராகவும், லாங்யர்பியென் அட்சரேகையில் 23 கிலோமீட்டராகவும் குறுகிவிடுகிறது. துருவம் என்பதோ அப்படத்தில் இல்லவே இல்லை; எவ்வளவு உயரமான தாளை வாங்கினாலும் அதில் துருவத்தை எழுத முடியாது. எந்த வழியாகப் போகவேண்டுமோ அந்த இடமே இல்லாத படத்தில் வழியைத் தேடினால் எங்ஙனம் அகப்படும்?

படத்தின்மேல் இழுத்த நேர்க்கோட்டின்படியே, அஃதாவது திசை மாறாமல், ஒருவன் உண்மையிலே பறந்து சென்றான் என்று வைத்துக்கொண்டாலும் அவன் கடக்கும் தூரம் 19,000 அன்று. ஏறக்குறைய 5,000 கிலோமீட்டரே. ஆகவே நம் மாணாக்கர் இரண்டு பிழை செய்தார்கள்: வழியும் தவறு, அவ்வழியை அளந்ததும் தவறு.

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி யாது? உருண்டையின் நடுப்புள்ளி வழியாகச் செல்லுமாறு கத்தியால் வெட்டினால், வெட்டின் விளிம்பு ஒரு பெருவட்டமாகும். இரண்டு ஊர்களும் அவ்விளிம்பில் இருக்குமாறு வெட்டினால், அவற்றிடையே உள்ள வில்லே மிகக் குறுகிய வழி. இறுக்கிப் பிடித்த நூல் தானாகவே அவ்வில்லில் படியும். நூலுக்குத் திரிகோண கணிதம் தெரியாது. ஆயினும் அது பிழை செய்வதில்லை.

நூலை நம்பாதவர் கணிதத்தையும் செய்து பார்க்கலாம். பாரோ விமான நிலையத்தின் அட்சம் வடக்கு 71.285 பாகை, தீர்க்கம் மேற்கு 156.766 பாகை. லாங்யர்பியென் நிலையத்தின் அட்சம் வடக்கு 78.246 பாகை, தீர்க்கம் கிழக்கு 15.466 பாகை. ஒன்று கிரீனிச்சுக்கு மேற்கும் மற்றொன்று கிழக்குமாகையால் தீர்க்கங்களைக் கூட்டவேண்டும், கூட்டினால் 172.23 பாகை. முழு எதிர்ப்புறம் என்றால் 180 பாகையன்றோ? ஆகவே இரண்டு ஊர்களும் துருவத்தின் இரண்டு பக்கங்களில் ஏறக்குறைய எதிரெதிராகவே இருக்கின்றன என்பது இப்பொழுதே விளங்கிவிடும். இனிக் கோளத் திரிகோண விதி: இரண்டு அட்சங்களின் சைன்களைப் பெருக்கு; அட்சங்களின் கோசைன்களையும் தீர்க்க வேறுபாட்டின் கோசைனையும் சேர்த்துப் பெருக்கு; இரண்டையும் கூட்டு; வருவது வில்லின் கோசைன். முதற் பெருக்கம் 0.9273. இரண்டாவது பெருக்கத்தில் தீர்க்க வேறுபாடு 90 பாகையைக் கடந்தமையால் குறை எண் வரும். அது குறை 0.0648. கூட்டினால் 0.8625. இதற்குரிய வில் 30.4 பாகை. ஒரு பாகைக்கு அறுபது கலை. ஒரு கலைக்கு ஒரு கடல்மைல். ஆகவே 1,824 கடல்மைல். கிலோமீட்டரில் சொன்னால் 3,380. சாதாரண மைலில் 2,100.

விதியை மறந்துபோன மாணாக்கர் கலங்கவேண்டுவதில்லை. பாரோவிலிருந்து துருவத்துக்கு 18.715 பாகை, துருவத்திலிருந்து லாங்யர்பியெனுக்கு 11.754 பாகை; வெறுமே கூட்டினால் 30.469 பாகை. துருவத்தைத் தொட்டுக்கொண்டு போனால் மிகையாகும் தூரம் நான்கு கடல்மைல்தான்! மிகக் குறுகிய வழி துருவத்துக்கு 111 கிலோமீட்டர் அளவில் அணுகிச் செல்கிறது. இந்தக் கூட்டல் கணக்கைப் பள்ளிச் சிறுவனும் செய்வான்.

பூமி சரியான உருண்டையன்று, துருவங்களில் சற்றே தட்டையானது என்று வாதிடும் நுண்ணறிவினரும் நம் வகுப்பில் உண்டு. அவர்கள் சொல்வது மெய். தட்டையான பகுதியில் ஓர் அட்சப் பாகையின் நீளம் சற்று மிகுதி. அதனைச் சேர்த்துப் பார்த்தால் தூரம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கூடும். விமானத்துக்கு அது ஒரு நிமிட வேலை. மேலும் விமானம் தரையில் ஊர்வதில்லை. பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் செல்லுகையில் அதன் வில் இன்னும் ஆறு கிலோமீட்டர் நீளும். இவற்றை அறிந்திருப்பது நன்று. அறிந்தபின் மறந்துவிடுவதும் தகும்.

திசையைப் பற்றிய செய்தி இதனினும் வியப்புடையது. பாரோவிலிருந்து புறப்படும் விமானி நேர் வடக்கிலிருந்து மூன்று பாகை மட்டும் கிழக்கே சாய்ந்து பறக்கிறான். லாங்யர்பியெனை அடையும்போதோ ஏறக்குறைய நேர் தெற்கே பறந்துகொண்டிருக்கிறான். நடுவில் அவன் எங்கும் திரும்பவில்லை! வடக்கே போனவன் திரும்பாமலே தெற்கே போகிறான். துருவத்தை அணுகுமிடத்தில் தீர்க்கரேகைகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் நெருங்கி நிற்பதால் அவன் அவற்றை விரைவாக வெட்டிச் செல்கிறான். நடுவழியில் 222 கிலோமீட்டர் செல்வதற்குள், அஃதாவது சுமார் பதினாறு நிமிடத்துக்குள், 90 பாகைத் தீர்க்கத்தைக் கடந்துவிடுகிறான். சூரியன் அத்தனை தீர்க்கத்தைக் கடக்க ஆறு மணி நேரம் ஆகும். வடக்கு, கிழக்கு என்னும் சொற்கள் அங்கே நிமிடத்துக்கு நிமிடம் பொருள் மாறுகின்றன.

காந்த ஊசியும் அங்கே உதவாது. ஊசி நாடுவது பூமியின் துருவத்தையன்று; காந்தத் துருவத்தை. அதனை 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்பவர் கனடாவின் வடகரையிலே கண்டார். அது ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் இயல்புடையதன்று; இந்நூற்றாண்டில் ஆர்க்டிக் கடலின் நடுவைக் கடந்து சைபீரியாவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு அணித்தாகச் செல்லுமிடத்தில் காந்தவிசை ஊசியைக் கீழ்நோக்கி இழுக்குமேயன்றிப் பக்கவாட்டில் திருப்பும் வலிமை குன்றிவிடும். ஊசி சோம்பித் தள்ளாடும்.

இத்தொல்லைக்கு வான்வழி செலுத்துவோர் கண்ட உபாயம் அழகானது. துருவப் படத்தின்மேல் கிரீனிச்சுத் தீர்க்கரேகைக்கு இணையாகச் சதுரக் கட்டங்கள் வரைந்துகொண்டு, அக்கோடுகளின் திசையையே வடக்கு என்று பாவித்துக்கொள்வார்கள். மெய்யான திசையோடு மேற்குத் தீர்க்கத்தைக் கூட்டவேண்டும். கிழக்குத் தீர்க்கமாயின் கழிக்கவேண்டும். நம் கணக்கில் செய்து பார்ப்போம். பாரோவில் திசை 3; தீர்க்கம் மேற்கு 157; கூட்டினால் 160. லாங்யர்பியெனில் திசை 175, தீர்க்கம் கிழக்கு 15, கழித்தால் 160. புறப்படும்போது 160, சேரும்போதும் 160! வடக்காகித் தெற்காகி மயக்கிய வழி இப்பொழுது ஒரே நேர்க்கோடாக நின்றுவிட்டது. கணிதத்தில் நமக்கு மிக்க இன்பம் தந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

இனிக் காலம். இக்காலத்துப் பெரிய விமானங்கள் மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் ஓடுகின்றன. 3,380ஐ 850ஆல் வகுத்தால் நான்கு மணிக்கு ஒன்றிரண்டு நிமிடம் குறைவு. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தரையில் ஊர்வதற்கும் அரைமணி நேரம் கூட்டினால் நான்கரை மணி. காற்று இல்லையென்று வைத்துச் செய்த கணக்கு இது. எதிர்க்காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் வீசினால், பறக்கும் நேரம் மட்டும் நான்கரை மணியாகும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 3 மணி 33 நிமிடமாகும். போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுக்கொள்ளலாமே என்று கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்தாது. காற்றில்லாதபோது போய்வர 7 மணி 57 நிமிடம். காற்றுள்ளபோது 8 மணி 4 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரமும் பின்காற்றில் குறைந்த நேரமும் செலவிடுகிறோமாகையால், கெடுதி செய்யும் காற்றோடு பழகும் காலமே மிகுதி. இதனை மாணாக்கர் தாமே குறிக்கணக்கால் நிறுவிப் பார்ப்பாராக.

கடிகாரக் கணக்கு வேறு. பாரோவின் கடிகாரம் லாங்யர்பியென் கடிகாரத்துக்குப் பத்து மணி பின்தங்கியது. பாரோவில் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால், நான்கரை மணி பறந்து, அவ்வூர்க் கடிகாரப்படி இரவு பத்தரைக்குச் சேர்வோம். திரும்பி வரும்போது காலை எட்டு மணிக்குப் புறப்பட்டவர் அதே நாள் அதிகாலை இரண்டரை மணிக்கு வந்து சேர்ந்துவிடுவார்! புறப்படுமுன்னே வந்து சேர்ந்த பிரயாணியைக் கண்டு நகைப்பவர், மார்ச்சு மாதத்தில் அமெரிக்கர் முன்னரும் ஐரோப்பியர் பின்னரும் கடிகாரத்தை மாற்றுவதால் சில வாரங்கள் வேறுபாடு ஒன்பது மணியாகிவிடுவதையும் சேர்த்து நகைக்கலாம்.

இவ்வளவும் சொல்லியபின் ஓர் உண்மையை ஒளிக்கலாகாது. இவ்விரண்டு ஊர்களுக்குமிடையே பிரயாணிகள் செல்லும் நேர் விமானம் இல்லை. பாரோவிலிருந்து லாங்யர்பியெனுக்குப் போக விரும்புகிறவர் முதலில் தெற்கே ஆங்கரேஜுக்கும், அங்கிருந்து சியாட்டில் போன்ற பெருநகருக்கும், பிறகு அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பாவுக்கும், பின் ஆஸ்லோவுக்கும் வந்து, மறுபடியும் வடக்கே ஏறவேண்டும். 14,000 கிலோமீட்டருக்குக் குறையாத வழி. நேர்வழியைப்போல் நான்கு மடங்குக்கு மேல். அப்படியானால் இக்கணக்கு வீண் அன்றோ என்று கேட்பார்க்கு ஒரு விடை உண்டு. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் துருவத்தை ஒட்டிப் பறக்கும் விமானங்கள் பல. 1954இல் கோபன்ஹேகனிலிருந்து கிரீன்லாந்து வழியாக லாஸ் ஏஞ்சலஸுக்கும், 1957இல் கோபன்ஹேகனிலிருந்து ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்கும் ஸ்காண்டிநேவிய விமானத்தார் வழி திறந்தனர். 2022இல் ருஷிய வானம் ஐரோப்பியருக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்லும் விமானங்கள் துருவத்தின் மேலாகவே சுற்றிச் செல்ல நேர்ந்தது. ஒன்பது மணிச் சொச்சமாக இருந்த பயணம் பதின்மூன்று மணியாயிற்று. இப்படிப் பறக்கும் விமானத்தில் ஓர் எந்திரம் பழுதானால், அல்லது ஒரு பிரயாணிக்கு மாரடைப்பு வந்தால், எங்கே இறங்குவது? அங்கே கீழே கடல்மேல் மிதக்கும் பனிப்பாளங்களன்றி வேறில்லை. ஆகையால் புறப்படுமுன்னரே விமானி, வழியில் எந்த நேரத்தில் எந்த நிலையம் எத்தனை நிமிடத் தொலைவில் இருக்கும் என்பதைக் கணக்கிட்டுக் கையில் வைத்திருத்தல் வேண்டும். அங்குள்ள சில ஓடுபாதைகளின் இடைத்தூரமே உயிருக்கு உறுதி. எண்ணெயும் குளிரில் உறைந்துவிடும். விமானங்களில் பெரிதும் வழங்கும் எண்ணெய் வகையொன்று குறை 47 பாகையில் உறைவது. அமெரிக்காவில் வழங்கும் வேறொரு வகை குறை 40 பாகையிலேயே உறையும். நிலநடுக் கோட்டுக்கு மேலே நிற்கும் செய்தித் துணைக்கோள்கள் துருவத்தருகே அடிவானத்துக்குக் கீழே போய்விடுவதால், பழைய நெட்டலை வானொலிக்கு உறவான சிற்றலை வானொலியே பல நேரங்களில் பேச்சுத் துணை.

இந்த வழியை முதலில் கடந்தவர்களை நினையாமல் கட்டுரையை முடிக்க மனமில்லை. 1926ஆம் ஆண்டு மே மாதத்தில் அமுண்ட்சென், எல்ஸ்வொர்த், நோபிலே முதலிய பதினாறு பேர் நார்ஜ் என்னும் ஆகாயக் கப்பலில் ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்து புறப்பட்டுத் துருவத்தைக் கடந்து, ஏறக்குறைய மூன்று நாளில் அலாஸ்காவில் இறங்கினார்கள். விமானத்தில் எதிர்ப்புறமாக, பாரோவிலிருந்தே கடந்தவர் ஹ்யூபர்ட் வில்கின்ஸ் என்னும் ஆஸ்திரேலியர். அவருக்கு விமானி கார்ல் பென் ஐல்ஸன்.

1927இல் அவர்கள் பாரோவிலிருந்து பனிக்கடலின்மேல் பறந்து சென்று திரும்புகையில் எண்ணெய் தீர்ந்து பனிப்பாளத்தின்மேல் இறங்கி, விமானத்தை அங்கேயே விட்டுப் பல நாள் நடந்து கரை சேர்ந்தனர். ஐல்ஸன் குளிரால் ஒரு விரலை இழந்தார். அடுத்த ஆண்டு, 1928 ஏப்ரல் 15ஆந் தேதி, ஒற்றை எந்திரமுள்ள லாக்ஹீட் வேகா என்னும் சிறு விமானத்தில் மறுபடியும் அதே பாரோவிலிருந்து புறப்பட்டார்கள். நாம் மேலே கணக்கிட்ட மிகக் குறுகிய வழியை அவர்கள் மேற்கொள்ளவில்லை. துருவத்தை முன்னரே பிறர் கண்டுவிட்டமையால், எவரும் காணாத பகுதியில் புதிய நிலம் உண்டோ என்று ஆராய்வதே வில்கின்ஸின் நோக்கம். ஆகவே கனடாவின் வடதீவுகளையும் கிரீன்லாந்தையும் நோக்கி வளைந்து சென்றார்கள். நிலம் ஒன்றும் அகப்படவில்லை. வளைந்து சென்றதால் தீர்க்கரேகைகளைக் கோணலாக வெட்டவேண்டியதாயிற்று; வில்கின்ஸ் சூரியனை அளந்து அளந்து, ஓயாது திசையைத் திருத்திச் சீட்டெழுதி ஐல்ஸனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2,200 மைலை 20 மணி 20 நிமிடத்தில் கடந்தார்கள். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 108 மைல். அன்று அவர்களுக்கு 20 மணிச் சொச்சம். இன்று நான்கரை மணி.

ஸ்பிட்ஸ்பெர்கனை அணுகியபோது கடும் புயல். எண்ணெயோ மிகக் குறைவு. பனிச்சுழலினூடே தெரிந்த ஒரு சிறு தீவில் இறங்கினார்கள். அதற்குச் செத்தவன் தீவு என்று பொருள்படும் பெயர் என்பதைப் பின்னர்தான் அறிந்தார்கள். புயல் ஐந்து நாள் ஓயவில்லை. ஓய்ந்தபின் விமானத்தை எழுப்ப முயன்றால், சறுக்குக் கட்டைகள் பனியில் ஒட்டிக்கொண்டன; ஒருவர் வெளியே நின்று தள்ளினாலன்றி அசையாது. தள்ளியவர் ஓடும் விமானத்தில் ஏறவும் வேண்டும். இரண்டு முறை வில்கின்ஸ் பனியிலே விழுந்துகிடக்க, ஐல்ஸன் தனியே வானில் எழுந்துவிட்டார்; இரண்டு முறையும் நண்பனை விட்டுப் போக மனமில்லாமல், குறைந்துகொண்டே வரும் எண்ணெயைச் செலவிட்டு வட்டமிட்டுத் திரும்ப இறங்கினார். மூன்றாம் முறை இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள். சிறிது தொலைவில் கிரீன் ஹார்பர் என்னுமிடத்தில் நார்வேக்காரரின் வானொலி நிலையத்தின் கம்பங்கள் தெரிந்தன.

அவ்வாண்டே வில்கின்ஸுக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சர் பட்டம் அளித்தார். ஐல்ஸன் நெடுநாள் வாழவில்லை; 1929 நவம்பரில், பனியில் சிக்கிய வாணிகக் கப்பல் ஒன்றுக்கு உதவச் சென்றபோது சைபீரியக் கரையிலே விமானம் விழுந்து மாண்டார். 1937இல் மாஸ்கோவிலிருந்து துருவம் கடந்து அலாஸ்காவுக்கு வரப் புறப்பட்ட லெவனேவ்ஸ்கி என்னும் ருஷிய விமானியும் அவருடனிருந்த ஐவரும் காணாமற்போனபோது, அவர்களைத் தேடிப் பனிக்கடலின்மேல் நிலவொளியிலே பறந்தவர் இதே வில்கின்ஸ்தான். அவர்கள் அகப்படவேயில்லை.

வில்கின்ஸ் 1958ஆம் ஆண்டின் முடிவில் இறந்தார். 1959 மார்ச்சு 17ஆந் தேதி, ஸ்கேட் என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் பனிப்பாளத்தைப் பிளந்துகொண்டு வடதுருவத்திலே மேலெழுந்து, அவருடைய சாம்பலை அங்கே தூவிற்று. உருண்டையின்மேல் நம் மாணாக்கர் பிடித்த நூல் அவ்விடத்துக்கு 111 கிலோமீட்டர் தொலைவில் செல்கிறது.